உமி இருக்க விறகு எதற்கு?

கேள்வி: சின்னப் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். உமியை விற்றுவிட்டு விறகு வாங்குகிறோம். ஊறல் தண்ணீர் நாற்றத்தால் தெருவில் தினமும் சண்டை. பசுமை முறைக்கு மாறினால் கட்டுப்படியாகுமா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி வரும். அவிக்கவும் உலர்த்தவும் அதுவே போதும். விறகுக்கான அடுப்பில் உமியைக் கொட்டாதீர்கள், மூச்சடைத்துப் புகையும். படிக்கட்டு போன்ற சரிவுத் தட்டு வைத்த உமி அடுப்பு வேண்டும். சாம்பல் கறுப்பாக விழுந்தால் காற்று போதவில்லை, எரிபொருள் வீணாகிறது என்று பொருள்.

நாற்றத்துக்குக் காரணம் பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறும் நெல் புளிப்பதுதான். தொட்டியில் 85 டிகிரி வெந்நீர் விட்டு நெல்லைக் கொட்டினால் கலவை 70-க்கு இறங்கும். அதே சூட்டில் மூன்றரை மணி நேரம் போதும். சூடு கூடினால் உமி வெடித்து அரிசி நிறம் மாறும். குறைந்தால் பழைய நாற்றமே. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

சோலார் பிறகு பார்க்கலாம். முதலில் நீராவிக் குழாய்களுக்குக் காப்புறை சுற்றுங்கள். டன்னுக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். உமி விற்ற பணத்தை விறகுச் செலவில் கழித்தால், கட்டுப்படியாகுமா என்பது அதிலேயே தெரியும்.