காதில் பூவா, பஞ்சா?

கேள்வி: மறுவெளியீட்டில் 'இன்டர்ஸ்டெல்லார்' பார்த்தேன். ஒரு கிரகத்தில் இறங்கி மூன்று மணி நேரம் அலையில் நனைந்துவிட்டு வருகிறார்கள். கப்பலில் காத்திருந்தவனுக்கு இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டதாம்! கிறிஸ்டோபர் நோலன் நம் காதில் பூ சுற்றுகிறாரா? கேட்டால், 'உனக்கு சயின்ஸ் தெரியாதுப்பா' என்கிறான் என் மகன்.
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: காது என்றீர்கள் பாருங்கள், முதலில் அதைப் பேசிவிடுவோம். பூ அப்புறம். இந்தப் படத்துக்குப் போகிறவர்களின் காதுக்குத் தேவை பூ இல்லை, பஞ்சு.

லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் பைப் ஆர்கனை, குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் பெரிய வாத்தியத்தை, வாசிக்கவைத்துப் பதிவு செய்திருக்கிறார் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர். அற்புதமான நாதம், சந்தேகமில்லை. ஆனால் விஞ்ஞானியாக வரும் மைக்கேல் கெய்ன் மரணப்படுக்கையில் கதையின் பெரிய உண்மையைச் சொல்கிறார். அதில் பாதி முனகலாகத்தான் வந்து சேர்கிறது. 2014இல் படம் வந்தபோது, அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஒரு தியேட்டர்காரர்கள் அறிவிப்பே ஒட்டிவிட்டார்கள்: எங்கள் ஒலிக்கருவிகள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன, படமே இப்படித்தான் என்று. நோலனும் மறுக்கவில்லை, தெரிந்தேதான் செய்தேன் என்றார்.

நம் சபா செயலாளர்களும் தெரிந்தேதான் செய்கிறார்கள். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், பாடுகிறவருக்கு ஒன்று, அதையும் பாதி திருகி வைப்பது. வாயசைவு தெரியும், சாகித்யம் தெரியாது. இந்தப் பக்கத்தில் பல வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. ஒரு செயலாளர் என்னை வழியில் பார்த்தால் எதிர்ப்புறம் போய்விடுகிறார். போகட்டும்.

கச்சேரி என்றதும் இன்னொன்று. இந்தப் படத்தைத் தொட்டு எழுதினாலே, 'இதெல்லாம் நம் பாகவதத்தில் அப்போதே இருக்கிறது' என்று நாலு கடிதம் வந்துவிடும். இருக்கிறது, யார் இல்லையென்றது? ககுத்மி என்ற ராஜா, மகள் ரேவதிக்கு வரன் கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் போனார். அங்கே கந்தர்வர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். முடிந்ததும் வாயைத் திறந்தால், பிரம்மா சிரிக்கிறார்: 'நீ மனதில் வைத்திருக்கும் மாப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், பேரன்கள், யாருமே இப்போது இல்லை. 27 சதுர்யுகம் போய்விட்டது.' ஒரு கச்சேரி கேட்டதற்கு! அதிலும் அங்கே சாகித்யம் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் கதை இருப்பது வேறு, கணக்கு இருப்பது வேறு. 27 சதுர்யுகம் எந்தக் கணக்கில் வந்தது என்று திருப்பிக் கேட்டால், எழுதினவர் அடுத்த வாரம் எழுதுவதில்லை.

நோலன் படத்தில் கணக்குப் போட்டவர் கிப் தோர்ன் என்ற இயற்பியல் விஞ்ஞானி. ஈர்ப்பலைகளுக்காக 2017இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். ஒரு மணி நேரத்துக்கு ஏழு வருடம் வேண்டும் என்று நோலன் பிடிவாதம் பிடித்தபோது, முடியாது என்றுதான் முதலில் நினைத்தாராம். உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தால், முடிகிறது! அந்தக் கிரகத்துக்குப் பக்கத்தில் பத்து கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள ஒன்று, இருக்க வேண்டும். அது சுழலக்கூடிய உச்ச வேகத்தில், நூறு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் குறைவாகச் சுழல வேண்டும். இயற்கையில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் விதி மீறல் இல்லை.

ஈர்ப்பு பலமான இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். இதற்குக் கருந்துளை வரை போக வேண்டாம். உங்கள் போனுக்கு வழி சொல்லும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் கொஞ்சம் பின்தங்கினாலும், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் மொத்தத்தில் அவற்றின் கடிகாரம் நம்முடையதைவிட நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும். கீழவீதிக்குக் கூப்பிட்ட ஆட்டோ புவனகிரியில் நின்று ஹாரன் அடிக்கும். ஆக, இந்த விஷயத்தில் நான் உங்கள் மகன் கட்சி.

பூ வேறு இடத்தில் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. பூமியிலிருந்து கிளம்பும்போது பல அடுக்கு ராக்கெட், நெருப்பு, புகை, எண்ணிக்கை எல்லாம் உண்டு. அந்த அலை கிரகத்தில் ஈர்ப்பு பூமியைவிட 30 சதவீதம் அதிகம் என்று படத்திலேயே சொல்கிறார்கள். அங்கிருந்து அதே சின்ன ஓடம், ராக்கெட்டும் இல்லாமல் அடுக்கும் இல்லாமல், நனைந்த இன்ஜினோடு ஜிவ்வென்று மேலே போகிறது. டெப்போவில் நாலு பேர் தள்ளிக் கிளப்பின பஸ், கொல்லிமலைக் கொண்டை ஊசியில் தானாக ஏறின மாதிரி! இதை மகனிடம் கேளுங்கள். அன்பு பரிமாணங்களைத் தாண்டும் என்று ஒரு வசனம் வருகிறது. அதைக் கேட்காதீர்கள், பாவம்.

கருந்துளை என்ற பெயரைப் பரப்பிய ஜான் வீலர்தான் தோர்னுக்கு வாத்தியார். படத்தில் விண்வெளியின் தொலைதூரத்துக்குக் குறுக்குவழியாக ஒன்று வருகிறதே, அதற்கு 1957இல் புழுத்துளை என்ற பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். ஆப்பிளின் தோலைச் சுற்றி ஊர்ந்து போவதைவிட, உள்ளே குடைந்துகொண்டு போனால் புழுவுக்குத் தூரம் குறைவு, அதுதான் யோசனை. நமக்கு ஆப்பிள் எதற்கு, கத்தரிக்காய் போதும். ஓட்டை உள்ள காயை நாம் ஒதுக்குகிறோம். ஆனால் பெரிய ஓட்டை பெரும்பாலும் புழு வெளியேறின வழி. நுழைந்த துளை ஊசிமுனை அளவுதான், அதுவும் மூடிக்கொள்ளும். பளபளவென்று முழுசாக இருக்கிறதே, அதற்குள்தான் ஆசாமி குடியிருக்கக்கூடும்.

சிதம்பரத்துக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும், கொத்சுவுக்குக் கத்தரிக்காய் சுடும் முன்னால் ஒருமுறை பிளந்து பார்த்துவிடுங்கள்.