மடியில் குழந்தையுடன் வெண்பீங்கான் சிலை: மாதாவா, குவான்யினா?

வினா: பினாங்கில் பணியாற்றிய எங்கள் தாத்தா கொண்டுவந்த, ஒரு சாண் உயரமுள்ள வெள்ளைப் பீங்கான் சிலை எங்களிடம் உள்ளது. முக்காடிட்ட பெண், மடியில் குழந்தை. பாட்டி அதை மாதா என்றே வணங்கிவந்தார். அது யார்? பழமையானதா? மேலே படிந்துள்ள மெழுகை எவ்வாறு அகற்றுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முக்காடும் குழந்தையும் மட்டும் இருந்தால் ஐயம் எழலாம். ஆனால் பாறைப் பீடத்தின் இருபுறமும் கைகூப்பி நிற்கும் இரு சிறு உருவங்களும், அலகில் மணிமாலையைக் கவ்வியிருக்கும் கிளியும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அவர் சீன பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின், பிள்ளை வரம் அருளும் வடிவம். அருகில் நிற்பவர்கள் அவருடைய அடியார்களான சுதனனும் நாக அரசன் மகளும். இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்னும் ஆண் போதிசத்துவராக (புத்தநிலையை நோக்கிச் செல்லும் அருளாளராக) வணங்கப்பட்டவரே சீனத்தில் சோங் அரசமரபின் காலத்துக்குப் (960–1279) பின் படிப்படியாகப் பெண்ணுருவம் கொண்டார்.

பாட்டியின் வழிபாட்டை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஃபூஜியான் மாகாணத்தின் தெஹுவா சூளைகளில் உருவான இத்தகைய சிலைகளை 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியர்களும் மரியாள் என்றே கண்டனர். மார்பில் சிலுவை அணிந்த குவான்யின்களும் அங்கே செய்யப்பட்டன. ஜப்பானில் 1614 முதல் 1873 வரை கிறித்தவம் தடை செய்யப்பட்டிருந்தபோது, மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் குவான்யின் சிலைகளின் முன்னேதான் மாதாவிடம் மன்றாடினர். தெஹுவாவின் பீங்கான் கப்பலேறிய சுவான்சோ துறைமுகத்தில், 1281-இல் சிவன் திருவுருவை எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பழமையை அறிய, சிலையை மெத்தையில் சாய்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். அந்தப் படம் மட்டும் எனக்கு வரவில்லை. பழைய தெஹுவா சிலைகள் அச்சில் களிமண்ணை விரலால் அழுத்திச் செய்யப்பட்டவை. ஆகவே மெருகில்லாத உட்புறத்தில் விரல் தடங்களும், இரு பாதிகளை ஒட்டிய தழும்பும், சில வேளை சூட்டில் விழுந்த வெடிப்பும் தெரியும். உட்புறம் வழவழப்பாக, வெளிவடிவத்தையே சீரான கனத்தில் பின்பற்றிச் சென்றால், அது கூழாக்கிய களிமண்ணை வார்த்துச் செய்த அண்மைக்காலப் பொருளாகவே பெரும்பாலும் இருக்கும். அடுத்து, இருட்டறையில் விளிம்பின் பின்னால் கைவிளக்கைப் பிடியுங்கள். இரும்புச் சத்து மிகக் குறைந்த தெஹுவா மண் ஒளியைக் கசியவிடும்; மிங் காலப் (1368–1644) பொருள்கள் பெரும்பாலும் தந்தநிறச் சாயலும், பிந்திய சிங் காலத்தவை (1644–1912) நீலம் கலந்த குளிர்ந்த வெண்மையும் காட்டும். முதுகில் ஹெ சாவ்சோங் என்னும் மிங் காலக் கலைஞரின் முத்திரை இருந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர் புகழை நாடிய பிற்காலத்தார் அதை ஏராளமாகப் பதித்துள்ளனர். உங்கள் படங்களில் தெரியும் சற்றுக் குளிர்ந்த வெண்மையைக் கொண்டு, அது மிங் காலத்ததாக இராது என்றே கருதுகிறேன்.

மூன்றாம் படத்தில், இடது மணிக்கட்டைச் சுற்றி மயிரிழை போன்ற மஞ்சள் கோடு தெரிகிறது. அது பழைய பசையின் அடையாளம். விரல்களும் கைகளும் முதலில் உடைவது இவ்வகைச் சிலைகளின் இயல்பு. ஆகவே தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். வெந்நீர் பசையை இளக்கிவிடும். முழங்காலில் படிந்த மெழுகை மூங்கில் குச்சியின் நுனியால் மெல்லப் பெயர்த்துவிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். பித்தளைக்குப் பயன்படுத்தும் புளி, எலுமிச்சை, பிளீச்சிங் தூள் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டில் விற்கும் எண்ணமிருந்தால், நூறாண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதலில் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை சிலையை நகர்த்தும்போது கழுத்தையோ கையையோ பற்றாமல், இரு கைகளாலும் பீடத்தைத் தாங்கியே தூக்குங்கள்.