கிறிஸ்துமஸ் பூசைக்கு வெளியூரிலிருந்து வருகிறீர்களா? சென்னை ஆலயங்களில் என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்

கேள்வி: நாங்கள் திருச்சியைச் சேர்ந்த இந்துக் குடும்பம். அரையாண்டு விடுமுறைக்குச் சென்னை வந்து மந்தைவெளியில் அக்கா வீட்டில் தங்குகிறோம். 11 வயது மகளும் 7 வயது மகனும் கிறிஸ்துமஸ் இரவில் சாந்தோம் சர்ச்சில் பூசை பார்க்க ஆசைப்படுகிறார்கள். முழங்கால் வலி உள்ள என் அம்மாவும் கூட வருகிறார். எங்களை உள்ளே விடுவார்களா? எப்போது எழுந்து நிற்க வேண்டும்? அப்பம் கொடுத்தால் வாங்கலாமா? காணிக்கை எவ்வளவு போட வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் சாதி, மதம் கேட்க மாட்டார்கள். நெற்றியில் இருக்கும் விபூதியையோ குங்குமத்தையோ அழிக்க வேண்டாம். நீங்கள் விலகியிருக்க வேண்டியது ஒரே ஒரு இடத்தில்தான். அது நீங்கள் கேட்ட அந்த அப்பம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நற்கருணை என்று சொல்லப்படும் அந்த அப்பம் பிரசாதம் அல்ல. கோயிலில் பிரசாதத்தை வேண்டாம் என்பது மரியாதைக் குறைவு. இங்கே வாங்காமல் இருப்பதுதான் மரியாதை. பூசையில் எழுந்தேற்றம் செய்யப்பட்ட, அதாவது குருவானவர் செபம் சொல்லி உயர்த்திக் காட்டிய அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஞானஸ்நானம் பெற்று, அதற்கென வகுப்புக்குப் போய், முதல் நற்கருணை வாங்கியவர்கள்தான் அதைப் பெறுவார்கள். அவர்கள் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கே கிடையாது. வழக்கமாகத் தவறு நடப்பது இப்படித்தான்: எல்லோரும் வரிசையில் போகிறார்களே என்று பின்னாலேயே போகிறோம், குருவானவர் உள்ளங்கையில் அப்பத்தை வைக்கிறார், அதைப் பிள்ளைக்குப் பிட்டுக் கொடுக்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ சட்டைப்பையில் வைக்கிறோம். பக்கத்தில் நிற்கும் தொண்டர் பதறி ஓடி வருவார். அவர் முரட்டுத்தனமாக நடக்கிறார் என்று நினைக்காதீர்கள், அவருக்கு அது அவ்வளவு புனிதமானது. தவறிக் கையில் வாங்கிவிட்டால் அங்கேயே நின்று, "ஃபாதர், நாங்க கிறிஸ்டியன் இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் வாங்கிக்கொள்வார், யாரும் கோபப்பட மாட்டார்கள். 7 வயதுப் பையன் "எனக்கும்" என்று கேட்பான். வீட்டிலேயே விளக்கிச் சொல்லிக் கூட்டி வாருங்கள். பூசை முடிந்து வெளியில் கேக்கோ மிட்டாயோ கொடுத்தால் அதைத் தயங்காமல் வாங்கலாம்.

எங்கே உட்காருவது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். நடைபாதையை ஒட்டிய ஓர இடத்தில் உட்கார்ந்தால், நற்கருணை நேரத்தில் உங்கள் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் உங்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். பெஞ்சின் உள்பக்கம், சுவரை ஒட்டி இடம் பிடியுங்கள். முன்வரிசை வேண்டாம், பார்த்துச் செய்ய உங்களுக்கு முன்னால் ஆள் இருக்காது. நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்ததும் எழுந்து, உட்கார்ந்ததும் உட்கார்ந்தால் போதும்.

இருந்தாலும் வரிசை தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கு அலுப்பு குறையும். வருகைப் பாடலுக்கு நிற்பார்கள். கிறிஸ்துமஸ் இரவுக்கே உரிய நேரம் அடுத்து வரும்: 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் ஒலிக்கும், பல ஆலயங்களில் பாலன் இயேசு சொரூபத்தை எடுத்து வந்து குடிலில் வைப்பதும் அப்போதுதான். மகனைத் தூக்கிக் காட்டுங்கள். பிறகு பைபிள் வாசகங்களுக்கு உட்காருவார்கள், அல்லேலூயா பாடியதும் நற்செய்தி வாசிப்புக்காக எழுவார்கள், மறையுரைக்கு, அதாவது பிரசங்கத்துக்கு, மறுபடி உட்காருவார்கள். தங்கள் நம்பிக்கையை எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நடுவில் சட்டென்று எல்லோரும் முழங்காலிடுவார்கள். கடவுள் மனிதரானார் என்ற வரியில் இப்படிச் செய்வது கிறிஸ்துமஸுக்கு உரிய முறை, பழகியவர்களே சில நேரம் தடுமாறுவார்கள். காணிக்கைக்குப் பின் எழுந்தேற்றத்தின்போது நெடுநேரம் முழங்காலில் இருப்பார்கள். அந்த நேரத்தில் பேச்சு, நடமாட்டம், கைப்பேசி எதுவும் கூடாது. கர்த்தர் கற்பித்த செபத்துக்கு நின்றபின் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பினால் போதும்.

அம்மா முழங்காலிட வேண்டியதே இல்லை. உட்கார்ந்தபடி தலை குனிந்திருக்கலாம். ஆனால் பின்பெஞ்சுக்காரர் முழங்காலிட்டுத் தன் கைகளை அம்மா சாயும் பலகைமேல்தான் ஊன்றுவார். அந்த நேரம் மட்டும் அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். கீழே இருக்கும் முழங்கால் பலகையில் பிள்ளைகள் காலை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் சிறு தொட்டியில் தீர்த்தம் இருக்கும். விரலால் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவதற்கு உரியது அது, குடிப்பதற்கு அல்ல. நீங்கள் தொடாமலும் போகலாம். செருப்பு விஷயத்தில் சென்னையில் ஒரே விதி கிடையாது. சாந்தோம் போன்ற பெரிய ஆலயங்களில் செருப்போடு போவார்கள். வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். உடைக்குப் பட்டுப்புடவை, வேட்டி, சுடிதார் எல்லாம் பொருத்தம், அரைக்கால் சட்டை வேண்டாம். காணிக்கைப் பை வரிசையாகக் கைமாறி வரும். பத்து ரூபாய் போடலாம், நூறு போடலாம், ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் நீட்டலாம். பை அருகில் வந்தபின் சில்லறை தேடினால் வரிசையே நின்றுவிடும், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். இங்கே உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்வோம். நள்ளிரவுப் பூசை பெரும்பாலும் 11 மணிக்கோ 11.30-க்கோ தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கும். சாந்தோமிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் அன்று கூட்டம் நெரியும். ஒரு மணி நேரம் முன்னதாக வராவிட்டால் வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் பார்ப்பதுதான் கிடைக்கும், கடற்கரைப் பனி வேறு. முடிந்து வெளியே வரும்போது மெட்ரோவும் கிடையாது, பறக்கும் ரயிலும் கிடையாது. அம்மாவையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு அந்த வேளையில் ஆட்டோ தேடுவது கஷ்டம். 25-ஆம் தேதி பகல் பூசைக்குப் போங்கள். அதே பாடல்கள், அதே குடில், உட்கார இடமும் கிடைக்கும். இரவுதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், மந்தைவெளியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் லஸ் சர்ச் என்கிற பிரகாச மாதா ஆலயம் இருக்கிறது. 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய ஆலயம். எந்த ஆலயமானாலும் தமிழ்ப் பூசையா ஆங்கிலப் பூசையா, எத்தனை மணிக்கு என்பதை 24-ஆம் தேதி பகலிலேயே அறிவிப்புப் பலகையில் பார்த்துவிடுங்கள்.

சாந்தோமில் இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை நிலத்தடிச் சிற்றாலயத்தில் இருக்கிறது. அதற்குத் தனி வழி உண்டு, பூசைக்குக் குறுக்கே நடக்க வேண்டாம். மேலே இருக்கும் இப்போதைய கட்டடம் 1896-ஐச் சேர்ந்தது. அதை அண்ணாந்து பார்க்கவும் படம் எடுக்கவும் பூசை இல்லாத நேரம் வாருங்கள். பூசை நேரத்தில் ஃப்ளாஷ் போடவே கூடாது.

சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் (புராட்டஸ்டண்ட்) ஆலயத்துக்குப் போக நினைத்தால் முறை கொஞ்சம் வேறு. கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று இந்தத் திருச்சபை உருவானது. எழும்பூரில் 1821-இல் கட்டி முடித்த புனித ஆண்ட்ரூ ஆலயம் இன்னொன்று. தமிழ்ச் சபைகள் பலவற்றில் 25-ஆம் தேதி விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே ஆராதனை தொடங்கிவிடும். பாமாலை, கீர்த்தனை என்று பாடல்கள் நிறைய உண்டு, பிரசங்கம் நீளும், நற்கருணையைப் போன்ற திருவிருந்துக்கு வரிசை வரிசையாகப் பீடத்தருகே போய் முழங்காலிடுவார்கள். அதற்கும் நீங்கள் எழ வேண்டாம், இடத்திலேயே இருங்கள். பெண்கள் பலர் முக்காடு போட்டிருப்பார்கள், விருந்தினர் போடாவிட்டால் குற்றமில்லை. சிறிய சபைகளில் "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று அழைப்பதுண்டு. எழுந்து கைகூப்பிவிட்டு உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. ஆராதனை முடிந்ததும் ஆயர் (அந்தச் சபையின் போதகர்) வாசலில் நின்று கைகுலுக்குவார். அவரை "ஐயா" என்று அழையுங்கள், கத்தோலிக்கக் குருவை "ஃபாதர்" என்று.

பிள்ளைகள் தூங்கி வழிந்தால் நடுவில் கிளம்புவதில் தவறில்லை. நற்செய்தியின்போதும் எழுந்தேற்றத்தின்போதும் மட்டும் எழாதீர்கள். மறையுரையும் மன்றாட்டும் முடிந்து காணிக்கைப் பாடல் தொடங்கும்போது எல்லோரும் உட்கார்ந்து அசைந்துகொண்டிருப்பார்கள். அப்போது பக்கவாசல் வழியாக அம்மாவைக் கைபிடித்து அழைத்துப் போனால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.