என்சைம் போடாத பிளாங்க்கே ஒளிருதா? பிஎஸ்ஏ மேலதான் என் சந்தேகம்

ப்ரோ, பூச்சிமருந்து அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்சைமை எவ்ளோ தடுக்குதுன்னு பாக்குற டெஸ்ட்டு, அதுக்கு அசிட்டைல்தயோகோலின் (என்சைம் உடைக்கிற சப்ஸ்ட்ரேட்), கூமரின்-மாலிமைடு புரோப் (அது உடைஞ்சு வர்ற தயோல்ல, அதாவது கந்தக-ஹைட்ரஜன் தொகுதில, ஒட்டி ஒளிர்றது), பிஎச் 8.5 பஃபர், என்சைம் கெடாம இருக்க பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின் புரதம்), இதான உங்க செட்டப், ஆனா என்சைமே போடாத வெல்லுலயும் (பிளாங்க் குழி) ஒளி ஏறுது, அதனால பூச்சிமருந்தோட இன்ஹிபிஷன் (என்சைமைத் தடுக்குறது) தெரியமாட்டேங்குதுன்னு சொல்றீங்க. புரோப் மேல தப்பில்ல. அதுக்கு தயோல் எங்கிருந்து வந்தாலும் ஒண்ணுதான், ஒட்டிக்கிட்டு ஒளிரும். பிஎஸ்ஏல 34வது இடத்துல ஒரு ஃப்ரீ சிஸ்டீன் (தயோல் உள்ள அமினோ அமிலம்) இருக்கு, நீங்க போடுற அளவுக்கு அதுவே நல்லா சிக்னல் குடுத்துரும், அதுக்கு பதிலா ஜெலட்டின் போடுங்க, அதுல சிஸ்டீன் இல்லாத மாதிரிதான்.

அப்புறம் அந்த 8.5, அவ்ளோ காரத்துல சப்ஸ்ட்ரேட் தானாவே உடையும், மாலிமைடு வளையமும் கூடவே உடைஞ்சு வீணாப்போகும், 7.4க்கு இறக்குங்க, என்சைம் வேகம் கொஞ்சம் குறையும், பரவால்ல.

சப்ஸ்ட்ரேட் இல்லாம என்சைமும் புரோப்பும் மட்டும் ஒரு வெல் வைங்க, அது ஏறுனா என்சைம் ஸ்டாக்ல டிடிடி (DTT, தயோல் உள்ள கெமிக்கல், பூச்சிமருந்து DDT இல்ல) கலந்திருக்கான்னு பாருங்க (நிறைய பேர் லேபிளையே படிக்கிறதில்ல).

இன்னொண்ணு, ஆர்கனோபாஸ்பேட் (ஒரு பூச்சிமருந்து வகை) என்சைமோட செரின்ல (வேலை செய்யுற இடத்துல இருக்கிற அமினோ அமிலம்) போய் ஒட்ட டைம் எடுக்கும், அதனால மருந்தையும் என்சைமையும் முதல்ல சேத்து ஊறவிட்டு அப்புறமாதான் சப்ஸ்ட்ரேட் போடணும், எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுனா இன்ஹிபிஷன் கம்மியாதான் காட்டும். பின்னாடி ரத்த சாம்பிளுக்குப் போறதா இருந்தா சீரம்ல இருக்கிறது பெரும்பாலும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் (இதே குடும்பத்து வேற என்சைம்), அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் வேணும்னா சிவப்பணுவதான் எடுக்கணும். ஒருதடவை 412 நானோமீட்டர்ல பழைய எல்மன் முறையும் (தயோலால வர்ற மஞ்சள் நிறத்தை அளக்குறது) ஓட்டிப் பாருங்க. ரெண்டு கிராஃபையும் இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.