கினாபாலு உச்சிக்கு முதன்முறையாக: ஆறு நண்பர்களின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கிள்ளானைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேரும் ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர்கள், முப்பது வயதைக் கடந்தவர்கள். சபாவில் உள்ள கினாபாலு மலை ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் யாரும் இதற்கு முன் உயரமான மலை ஏறியதில்லை. ஒருவருக்கு லேசான ஆஸ்துமா உண்டு. எப்படித் தயாராக வேண்டும்? உயரமான இடங்களில் வரும் உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டுமா? ஆறு பேரும் ஒன்றாகவே உச்சியைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பதில்: தாராளமாக ஏறலாம். கினாபாலுவின் வழக்கமான பாதைக்கு மலையேற்ற நுட்பங்கள் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நல்ல உடல்நலமும் சில மாதப் பயிற்சியும் போதும். ஆனால், ஒன்றாகவே உச்சியைத் தொட வேண்டும் என்ற அந்தக் கடைசி ஆசையைப் புறப்படுவதற்கு முன்பே விட்டுவிடுமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நண்பர்கள் கூட்டமாக ஏறும்போது ஆபத்து பெரும்பாலும் அந்த ஆசையிலிருந்துதான் தொடங்குகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். திம்போஹோன் வாயிலிலிருந்து, அதாவது 1,866 மீட்டரிலிருந்து, நடக்கத் தொடங்கும் நீங்கள் அன்று மாலையே 3,272 மீட்டர் உயரத்தில் விடுதிகள் உள்ள பனாலாபானில் உறங்குகிறீர்கள். மறுநாள் விடியுமுன்பே எழுந்து, மலையின் மிக உயர்ந்த முனையான, 4,095 மீட்டர் உயரமுள்ள லோ உச்சியை நோக்கி நடக்கிறீர்கள். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். உடல் இதற்குப் பழகப் பல நாட்கள் வேண்டும். இந்தப் பயணத்திலோ ஓர் இரவுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. உயர நோயின் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை பெரும்பாலும் உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அப்படியென்றால், பனாலாபானுக்கு வந்து சேரும்போது நன்றாக இருந்தவர், உச்சிக்குக் கிளம்ப எழுப்பப்படும் பின்னிரவு நேரத்தில்தான் நோயுற்றிருப்பார். வெளியே இருட்டு, கடுங்குளிர். மற்ற ஐவரும் காலணி மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். தம்மால் பயணம் கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் அவர் வாய் திறப்பதில்லை.

உடல்வலிமை இந்த நோயிலிருந்து யாரையும் காப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டப்பந்தய வீரரையும் இது தாக்கும். வேகமாக ஏறுபவர்களை இன்னும் எளிதாகத் தாக்கும்.

ஆகவே வீட்டில் இருக்கும்போதே ஒரு முடிவு செய்யுங்கள். தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னவரை யாரும் கேலி செய்யவோ ஊக்கப்படுத்தி மேலே இழுக்கவோ கூடாது. பாரசிட்டமால், தண்ணீர், சிறிது உணவு ஆகியவற்றால் தலைவலி முற்றிலும் நீங்கி, வேறு அறிகுறியும் இல்லையென்றால் மெதுவாகத் தொடரலாம். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தால் அவர் மேலே போகாமல் விடுதியிலேயே தங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் தொடுமாறு நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். இறங்குவதே முதன்மையான சிகிச்சை. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் ஐவர் என்பதால் உங்கள் குழுவுக்கு இருவர் தேவைப்படுவார்கள். இது உங்களுக்கு மிகவும் சாதகம்: வேகமானவர்கள் ஒருவரோடும் மெதுவானவர்கள் மற்றவரோடும் நடக்கலாம், ஒருவர் திரும்ப நேர்ந்தாலும் மற்றவர்கள் தொடரலாம்.

டயமாக்ஸைக் கட்டாயம் எல்லோரும் போட வேண்டும் என்பதில்லை. எனினும் கடல்மட்டத்தில் வாழ்பவர்கள் இவ்வளவு விரைவாக 3,272 மீட்டரில் உறங்கப் போவதால், மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரல்கள் மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இம்மாத்திரையின் இயல்பான விளைவுகள். தூக்க மாத்திரையும் மதுவும் அந்த இரவில் வேண்டவே வேண்டாம். முடிந்தால் முந்தைய இரவைக் கோத்தா கினாபாலு நகரில் கழிக்காமல், மலையடிவாரத்தில் உள்ள கினாபாலு பூங்காத் தலைமையகத்தின் அருகே தங்குங்கள், உயரத்துக்குப் பழகச் சிறிதளவேனும் உதவும்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. குளிர்ந்த, வறண்ட காற்றில் மூச்சிரைக்க நடப்பது இழுப்பைத் தூண்டக்கூடும் என்பதால் உங்கள் நண்பர் முதலில் தம் மருத்துவரின் ஒப்புதலைப் பெறட்டும். இன்ஹேலரைப் பையில் போடாமல் சட்டையின் உள்பக்கம் உடலை ஒட்டி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்துபோனால் அது சரியாக மருந்தைப் பீய்ச்சாது.

பயிற்சிக்கு ஜிம்மைவிடப் படிக்கட்டே மேல். வார நாட்களில் பத்துமலையின் 272 படிகளை முதுகுப்பையுடன் திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே கருதுங்கள். கடைசி மாதத்தில் சிலாங்கூரின் 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையை ஒரே நாளில் ஏறித் திரும்ப முடிந்தால், உங்கள் கால்கள் தயார். அதில் யார் பின்தங்குகிறார், யார் பொறுமை இழக்கிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

உடைமைகளில் நான் விட்டுக்கொடுக்காதவை நான்கு: மழையும் காற்றும் புகாத மேல்சட்டை, உச்சிப் பாதையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடிக்க வழுக்காத கையுறை, நெற்றியில் கட்டும் விளக்கு, பிடிமானமுள்ள காலணி. நம் ஊரில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று அழைக்கப்படும் ரப்பர் காலணியே ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் குளிரை உடலோடு ஒட்டவைக்கும். பலத்த மழை பெய்தால் உச்சிப் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள், நனைந்த கருங்கல் சரிவு அவ்வளவு வழுக்கும்.

உச்சியிலிருந்து அன்றே 2,229 மீட்டர் இறங்கியாக வேண்டும். முழங்கால்கள் அப்போதுதான் சோதிக்கப்படும். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கி, நுவாங்கிலேயே பழகிக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்தையும் அன்றிரவுக்குப் பதிவு செய்யாமல் மறுநாளுக்கு வையுங்கள்.