மணி அடிக்கும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் ஜெனரேட்டரைப் பார்த்தேன். உள்ளே ஹைட்ரஜன் நிரப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அது வெடிக்காதா? சூடு அளவுக்கு மீறினால்தான் எச்சரிக்கை மணி அடிக்குமே, பிறகு எதற்கு மணிக்கொரு தரம் வெப்பநிலையை எழுதுகிறார்கள்?
- பாலிடெக்னிக் மாணவர், மேட்டூர்

பதில்: தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஹைட்ரஜன். காற்றில் அது சுமார் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். ஜெனரேட்டருக்குள் 97 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக வைத்திருப்போம். நிரப்பும்போதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே ஹைட்ரஜனை விடுவோம். காற்றைவிட ஏழு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 14 மடங்கு லேசானது என்பதால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் ரோட்டாருக்கு, அதாவது சுழலும் பகுதிக்கு, உராய்வும் குறைவு.

98.5 சதவீதத் திறன் என்றாலும் 210 மெகாவாட்டில் ஏறத்தாழ 3 மெகாவாட் சூடாகவே போகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூவாயிரத்தை ஒரே கூட்டுக்குள் போட்டு மூடியது போல. அதனால்தான் இந்த வகையில் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும் பகுதி) சுருளின் செப்புக் கம்பிகளே உள்ளீடற்ற குழாய்களாக இருக்கும்; அவற்றுக்குள் தாது நீக்கிய தண்ணீர் ஓடும்.

இனி மணி விஷயம். நான் வேலை பார்த்த நிலையத்தில் ஓர் இரவு ஷிப்ட். ஸ்டேட்டரில் சுருள் பதிந்திருக்கும் பள்ளங்களை ஸ்லாட் என்போம். எல்லா ஸ்லாட்டும் 62, 63 டிகிரி காட்ட, ஒன்று மட்டும் 71. மணி அடிக்கவில்லை. "லிமிட்டுக்குள்ளதானே சார் இருக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மணிக்கொரு தரம் எழுதிய பழைய லாக் ஷீட்டுகளைப் புரட்டினேன். மூன்று வாரமாக, அதே லோடில் (மின் உற்பத்தி அளவில்), அந்த ஒரு ஸ்லாட் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருந்தது.

வெப்பமானி இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். ஸ்லாட்டில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பார்களுக்கு (சுருளின் செப்புக் கம்பிக் கட்டுகளுக்கு) நடுவே, இன்சுலேஷனுக்கு (மின்காப்பு உறைக்கு) வெளியே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாரில் தண்ணீர் அடைத்துக்கொண்டாலும், அடுத்த பார் குளிர்ச்சியாகவே இருந்து அளவைக் கீழே இழுத்துவிடும். வெளியே 71 என்றால் உள்ளே செம்பு அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதித்துக்கொண்டிருக்கலாம். தொடர்ந்து 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது எங்கள் துறையில் பழகிய கணக்கு.

லோடைக் குறைக்கச் சொன்னோம். பிறகு நிறுத்திப் பார்த்தபோது, அந்தப் பாரின் குழாய்களில் செப்பு ஆக்சைடு படிந்து அடைத்திருந்தது. கழுவி எடுத்தோம். விட்டிருந்தால் இன்சுலேஷன் கருகி, பாரையே கழற்றி மாற்ற வேண்டியிருந்திருக்கும். அது மாதக்கணக்கில் இழுக்கிற வேலை.

அடுத்த முறை போகும்போது லாக் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லாட்டையும் மற்ற ஸ்லாட்டுகளோடும், அதே லோடில் போன மாதம் அது காட்டிய அளவோடும் ஒப்பிடுங்கள்.