அரிசி மில் கழிவுத்தண்ணியில கரண்ட் எடுக்கலாமோ?

மில்லில நெல் ஊறவச்ச தண்ணி ஒரு நாளைக்கு 4000 லீற்றர் சும்மா வாய்க்காலுக்க போகுது, அதில டைனமோ சுத்தலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். சுத்தலாம். எவ்வளவு வரும் எண்டுதான் பிரச்சினை.

நானும் உந்த விசர் வேலை பாத்தனான், பரந்தன் பக்கம் மாமான்ர மில்லில. ஊறல் தொட்டிக்கும் கீழ வாய்க்காலுக்கும் 3 மீற்றர் இருக்கும். பழைய சைக்கிள் றிம் ஒண்டில பிவிசி பைப்பைப் பிளந்து கோப்பை மாதிரிச் சுத்தவரக் கட்டி, சைக்கிள் டைனமோவையும் முட்டவச்சுத் திறந்துவிட்டால் பல்ப் எரிஞ்சது, மாமி கூப்பிடாமலே வந்து பாத்தவ. பத்து நிமிசம் போகேல்ல, சப்பி நெல்லும் உமியும் பைப் வாயில அடைச்சு சில்லு நிண்டிட்டுது, புளிச்ச தண்ணி என்ர சேட்டெல்லாம். மணம் ரெண்டு நாளாப் போகேல்ல.

பேந்துதான் கணக்குப் பாத்தன், முதலே பாத்திருக்கோணும். ஒரு லீற்றர் ஒரு மீற்றர் விழுந்தா 9.81 ஜூல், அப்ப 4000 லீற்றர் 3 மீற்றர் விழ கிட்டத்தட்ட 118,000 ஜூல், கேக்கப் பெரிசா இருக்கு, ஆனா அது 33 வோட் அவர்தான், அதாவது 33 வோட் பல்ப் ஒண்டு ஒரு மணித்தியாலம் எரியிற அளவு, அதிலயும் சில்லு டைனமோ எல்லாம் தின்ன பாதி மிஞ்சினாலே பெரிய காரியம். ஒரு போன் முழுசா ஏறாது. சிலபேர் மோட்டர் போட்டு அதே தண்ணியைத் திருப்பி மேல ஏத்தலாம் எண்டுவினம், ஏத்த இழுக்கிற கரண்ட் வாறதைவிடக் கூட, அதை விடுங்கோ.

வெளிநாட்டில செய்யினம்தானே எண்டு கேப்பியள். ஓம், சிட்னி நோர்த் ஹெட் சுத்திகரிப்பு நிலையத்தில சுத்திகரிச்ச கழிவுத்தண்ணி 60 மீற்றர் விழுது, ஜோர்தான் அஸ் சம்ரா நிலையத்தில சுத்திகரிக்க வாற கழிவுத்தண்ணி 100 மீற்றர் அளவு விழுது, அதுவும் முழு நகரத்தின்ர தண்ணி. எங்கட இரணைமடுக் குளம் முட்ட நிறைஞ்சாலே 36 அடி, அதாவது 11 மீற்றர். வன்னி தட்டை நிலம், தண்ணி இருந்தாலும் விழ இடமில்லை.

உங்கட தண்ணியில மாச்சத்துக் கிடக்கு, சாணியோட மூடின தொட்டியில விட்டா அடுப்பெரிக்கக் காஸ் வரும், அதை யோசியுங்கோ. கரண்ட்தான் வேணுமெண்டா மில் கூரையில 100 வோட் சோலார் ஒண்டு போடுங்கோ, உச்சி வெயிலுக்க அரை மணித்தியாலத்தில உந்த 4000 லீற்றரையும் முந்திடும்.